ஃபுல் ஃபேமிலியும் எங்க வீட்டு வண்டியும்

ஒரு காருக்கு வைத்தியம் பார்க்கணும்னா காரோட சொந்தக்காரர் மட்டும் வந்தா போதாது, அவர் பெண்டாட்டி, பிள்ளைங்க, மாமனார், மாமியார், வீட்டுல நாய் இருந்தா அது உட்பட எல்லாரும் நேர்ல வந்தாகணும்னு சொல்ற மெக்கானிக் இந்த உலகத்துலயே ஒருத்தர்தான். அவர் எங்க பருத்திப்பட்டுல இருக்கார். வேற யாராவது இருந்தா காட்டுங்க, நான் இந்தப் பக்கத்துல எழுதறதையே விட்டுடறேன். ரொம்ப சந்தோஷப்படாதீங்க, உங்களால காட்ட முடியாது.

அவருக்கு அப்பா அம்மா வெச்ச பேர்னு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் ஃபுல் ஃபேமிலி. ஆவடி பூந்தமல்லி ரோட்டுல இறங்கி ஃபுல் ஃபேமிலி ஷெட்டு எங்கேன்னு கேட்டா பூக்காரம்மா கூட கட்டுற பூவை நிறுத்தாம தாடையாலயே வழி காட்டும். ஷெட்டுல சாமான்னு பார்த்தா ஒரு ஜாக்கி, ஒரு டூல்ஸ் பெட்டி, தொங்கவிட்ட ஒரு பல்பு. பெஞ்சு மட்டும் சின்னக் கல்யாண மண்டபத்துக்கு ஆகற அளவு போட்டு வெச்சிருப்பார். குடும்பம் குடும்பமா வந்து உக்காரணுமே.

ஆள் குட்டை. தினமும் வெள்ளைச் சட்டைதான். கிரீஸ்ல புரள்ற தொழிலுக்கு வெள்ளைச் சட்டை எதுக்குன்னு கேட்டா, டாக்டர் என்ன கறுப்புச் சட்டையா போடறார்னு திருப்பிக் கேப்பார். காலையில பத்து நிமிஷம் அது வெள்ளைச் சட்டை. அப்புறம் அதுக்கு என்ன கலர்னு சொல்றதுக்குத் தமிழ்ல வார்த்தை இல்லை.

அவரோட சித்தாந்தம் ரொம்ப சிம்பிள். "வண்டிய ஒர்த்தன் ஓட்றான். ஆனா வண்டி எல்லாரையும்தான சொமக்குது? அப்ப எல்லாரையும் கேக்கணும்ல?" இதைச் சொல்லிட்டு ஒரு பார்வை பார்ப்பார். சரின்னு குடும்பத்தோட போவோம். அவங்கவங்க வழக்கமா எங்க உக்காருவாங்களோ அங்க உக்காரணும். ஏசி வழக்கமா எவ்வளவோ அவ்வளவு. எஃப்எம்ல வழக்கமா என்ன சத்தமோ அதே சத்தம். வண்டியை நிறுத்தி வெச்சு இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, அவர் வெளியில நின்னு கூரை மேல உள்ளங்கையை வெச்சுக் கண்ணை மூடிக்குவார். ஐட்லிங்ல வண்டி உதறுதா, திணறுதா, சீரா ஓடுதான்னு அந்தக் கைக்குத் தெரியுமாம். நான் ஒரு தடவை வெச்சுப் பார்த்தேன், கை சுட்டதுதான் மிச்சம்.

அதுக்கப்புறம்தான் விசாரணை. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பெஞ்சுக்குக் கூப்பிடுவார். வண்டி எப்ப உதறுது, அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தே, யார் பக்கத்துல இருந்தாங்க, எந்தத் தெருவுலன்னு நோண்டி நோண்டிக் கேப்பார். சின்னக் குழந்தைங்க கிட்டயும் அதே மரியாதை, அதே கேள்வி. இந்த விசாரணையில வண்டிக் கோளாறு வெளிய வருதோ இல்லையோ, வேற பல கோளாறு வெளிய வந்துடும். அயப்பாக்கத்து மனுஷர் ஒருத்தர் மத்தியானம் ஆனா வீட்டுச் சாப்பாட்டை டிபன் பாக்ஸோட வண்டியில விட்டுட்டுப் பிரியாணிக் கடைக்குப் போறார்ங்கறது அவர் பெண்டாட்டிக்கு அந்தப் பெஞ்சுலதான் தெரிஞ்சுது. வண்டி சரியாயிடுச்சு. அவர் நிலைமை சரியாக ரொம்ப நாளாச்சுன்னு கேள்வி.

அம்பத்தூர்ல ஒரு பேங்க் ஆபீசர். அவர் காருக்கு இழுவையே இல்லை. மேம்பாலம் ஏறினா பின்னாடி வர்ற ஷேர் ஆட்டோக்காரன் கூட இறங்கித் தள்ளட்டுமான்னு கேப்பானாம். ரெண்டு ஒர்க் ஷாப் பார்த்துட்டுக் கடைசியா இங்க வந்தார். ஃபுல் ஃபேமிலி எல்லாரையும் விசாரிச்சு முடிச்சுட்டு, வேற யார் இதுல வருவாங்கன்னு கேட்டார். எப்பவாவது நாய் வரும்னாங்க. அதையும் கூட்டிட்டு வான்னுட்டார். ஆபீசருக்கு வந்ததே கோபம், விருட்டுன்னு கிளம்பிப் போயிட்டார். அடுத்த ஞாயித்துக்கிழமை வேற வழியில்லாம நாயோட வந்தார். நாய் இறங்கினதும் நேரா முன்னாடி போய் பம்பர்ல காலைப் போட்டுக்கிட்டு பானெட்டைப் பார்த்து உறுமுச்சு பாருங்க, அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தா உள்ள எலி குட்டி போட்டிருக்கு. ஆபீசரோட காணாமப் போன சாக்ஸ்தான் மெத்தை. காத்து போற வழியை அடைச்சா இன்ஜின் எங்கேர்ந்து மூச்சு விடும்?

"ஒன் வண்டில ரெண்டு ஃபேமிலி ஓடிக்கினு கீது சார், நீ ஒண்ணத்தான் கூட்டினு வந்த" அப்படின்னு சொல்லிட்டு, அந்த ஃபில்டரை அலுங்காமத் தூக்கிட்டுப் போய் ஏரிக்கரைப் புதர்ல வெச்சுட்டு வந்தார். தாய் எலி வந்து குட்டிங்களைக் கவ்விட்டுப் போற வரைக்கும் வேற வண்டியைத் தொடலை. ஆபீசரும் அவர் குடும்பமும் பெஞ்சுல உக்காந்து காத்துக்கிட்டிருந்தாங்க, நாய் உட்பட.

கால் டாக்ஸி டிரைவர் ஒருத்தர், என் குடும்பம் ஊர்ல இருக்கு, நான் யாரைக் கூட்டிட்டு வர்றதுன்னு கேட்டப்போ, சவாரிதான் உன் ஃபேமிலின்னு சொல்லிட்டு, எதிர் டீக்கடையில நின்னவங்கள்ல மூணு பேரைப் பிடிச்சு உள்ள ஏத்தினார். அதுல ஒருத்தர் பூவும் பழமுமா பெண் பார்க்கப் போயிட்டிருந்தவர், பஸ்ஸுக்கு நேரம் இருக்கேன்னு டீ குடிக்க வந்திருக்கார். டிரையல் ஓட்டம் திருமழிசை வரைக்கும் போச்சு. வண்டி சரியானதும் அந்த டிரைவரே நன்றிக்கு அவரைப் பெண் வீட்டு வாசல்ல கொண்டுபோய் இறக்கியிருக்கார். மாப்பிள்ளை கார்ல வந்திருக்கார்னு அவங்களுக்கு ஏக மரியாதை, சம்பந்தம் முடிஞ்சுது. நம்பாதவங்க நம்ப வேண்டாம். நானே பாதிதான் நம்பறேன்.

அதுக்காக அவரை மகான்னு நினைச்சுடாதீங்க. பட்டாபிராம்ல ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போயிட்டுப் பட்டுப் புடவையோட வந்து மாட்டிக்கிச்சு. காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் உக்கார வெச்சு விசாரணை. பெரியவர் உக்கார்ற சாய்மானம் சரியில்லைன்னு அவர் மேல சந்தேகம். குழந்தைங்க பசியில அழுதுட்டாங்க. கடைசியில பார்த்தா ஸ்பார்க் பிளக் ஒண்ணு போயிருக்கு, எந்த மெக்கானிக்கும் முதல்ல கழட்டிப் பார்க்கிற சமாச்சாரம். இவருக்கு வெக்கமே இல்லை. அதான் கடைசியில கண்டுபிடிச்சேன்லன்னு மார் தட்டிக்கிட்டார். ஷெட்டுக்குப் பக்கத்துல அவரோட சொந்த ஆம்னி வேன் ஒண்ணு நிக்குது. ஸ்டார்ட் பண்ணா சல்லடை மாதிரி ஆடும். அதை ஏன் சரி பண்ணலைன்னு கேட்டா, பெண்டாட்டி வந்து உக்கார மாட்டேங்கறாங்கறார். அந்தம்மாவைக் கேட்டா, எனக்கு வேற வேலை இல்லையான்னு கேக்குது.

சரி, எங்க கதைக்கு வர்றேன்.

எங்க வீட்டுல மூணு பேர். நான், என் வீட்டுக்காரர் சேகர், அவரோட அம்மா. சேகருக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, ஆள் முருங்கைக்காய்க்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பார். அவர் அம்மா, அதாவது என் அத்தை, அதுக்கு நேர் எதிர். நல்ல ஆகிருதி. திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து கல்யாணமாகி ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்தவங்க. மாமா ரிட்டையராகி இங்க வீடு கட்டினாங்க, மாமாவும் போயிட்டார், அத்தையோட ஊர்ப் பேச்சு மட்டும் அப்படியே இருக்கு. நான் தெருவுல யார் கூடவும் சண்டை போடத் தயங்காதவ. அத்தை கிட்ட மட்டும் சண்டை வந்ததில்லை. அவங்க சிரிச்சா உடம்பு பூரா சிரிக்கும், அப்புறம் எப்படிச் சண்டை போடறது?

அத்தைக்கு உலகத்துல ஒரே ஒரு சிநேகிதி, கமலாம்மா. குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீடு. தர்மபுரிக்காரங்க. ரெண்டு பேர் வீட்டுக்காரருக்கும் ஒரே ஷிஃப்ட், அதனால ரெண்டு பேரும் ஒண்ணாவே உலை வெச்சு, ஒண்ணாவே பிள்ளை வளர்த்தவங்க. இப்ப கமலாம்மா குத்தம்பாக்கத்துல மகன் கட்டின வீட்டுல இருக்காங்க. கீழ விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சதுலேர்ந்து வாக்கர் வெச்சு வாசல் வரைக்கும்தான் நடை. அதனால சனிக்கிழமை சனிக்கிழமை அத்தையைக் கார்ல நான் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் போய்க் கூட்டிட்டு வருவேன். வாரம் பூரா அத்தை அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் மத்த நாளையெல்லாம் ஓட்டிட்டிருந்தாங்க.

இந்த நேரத்துலதான் வண்டிக்கு நோவு வந்துது. சிக்னல்ல நின்னா இன்ஜின் கடகடன்னு உதறும். ஸ்டீயரிங் பிடிச்ச கை ஆடும். ஆக்சிலேட்டரை மிதிச்சா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் நகரும். சில சமயம் பொட்டுன்னு அணைஞ்சுடும். சர்வீஸ் சென்டர்ல விட்டோம். பிளக் மாத்தினாங்க, ஃபில்டர் மாத்தினாங்க, இன்ஜினுக்குக் காத்து போற வாயைக் கழுவினாங்க, கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தாங்க. அங்கிருந்த பையன் ஓட்டிப் பார்த்துட்டு வெண்ணெய் மாதிரி போகுது மேடம்னு சாவியைக் குடுத்தான். நிஜமாவே வெண்ணெய்தான். சனிக்கிழமை வந்தா மட்டும் வெண்ணெய் உருகிடும்.

ஒரு தடவை சேகரும் கூட வந்தார். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு சிக்னல்ல வண்டி உதறி நின்னுது, பின்னாடி ஒரே ஹாரன். அந்த டென்ஷன்ல சேகர் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டார், அம்மா ஏறினாத்தான் வண்டிக்கு இந்தக் கஷ்டம், நாம இறங்கிட்டு அம்மாவுக்குன்னு ஒரு லாரி பிடிக்கலாம்னு. அத்தையும்தான் சிரிச்சாங்க. நானும் விளையாட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தைக்கு முட்டி வலி. அதுக்கடுத்த வாரம் தலை சுத்தல். அப்புறம் விரதம்னாங்க. எந்தச் சாமிக்குன்னு கேட்டேன், பேர் சொல்லத் தெரியலை. கமலாம்மா போன் பண்ணி ஏன் வரலைன்னு கேப்பாங்க, அத்தை அடுத்த வாரம் வாரேன்னு சொல்லி போனை வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிடுவாங்க. ராத்திரி தட்டுல ரெண்டு இட்லி, அதுலயும் ஒண்ணு மிச்சம். எனக்கு அப்பதான் உறைச்சுது. சரி, நம்ம வண்டி வேண்டாம், ஆட்டோ வெச்சுட்டுப் போலாம் அத்தைன்னேன். அத்தை மிச்ச இட்லியை மூடி வெச்சாங்க. அப்புறம் மெதுவா, "அவன் வண்டியும் நின்னுட்டா என்ன செய்யதுளா?" அப்படின்னு கேட்டாங்க.

சேகரைப் பிடிச்சு அன்னிக்குக் கத்தின கத்துல எதிர்வீட்டு டிவி சத்தம் குறைஞ்சுது. அவர் பாவம், போய் அம்மா கிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தை சிரிச்சுக்கிட்டே, நீ சொன்னதுல என்னய்யா தப்பு, வண்டி நிக்கத்தானே செய்யுதுன்னுட்டாங்க. அதுவும் நிஜம்தானே. நின்னுதே. அவங்க ஏறினா நின்னுது, இறங்கினா ஓடுது. இதை வெச்சுக்கிட்டு எப்படி சமாதானம் சொல்றது?

அப்பதான் ஃபுல் ஃபேமிலி ஞாபகம் வந்து நானும் சேகரும் போனோம். அவர் பின் கதவைத் திறந்தார். இடது பக்க சீட்டு லேசா பள்ளம் விழுந்திருக்கு, முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை, மடிச்சு வெச்ச துண்டு. "இங்க ஒக்கார்றவங்க எங்க?" அப்படின்னு கேட்டார். சேகர் விஷயத்தைச் சொல்லாம, அவங்க வர மாட்டாங்கன்னு மென்னு முழுங்கினார். அப்ப வண்டியும் வராதுன்னு ஃபுல் ஃபேமிலி கதவைச் சாத்திட்டார். எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. அங்கேயே நின்னு பட்டாசா வெடிச்சேன். வண்டி, சிக்னல், லாரி, முட்டி வலி, ஆட்டோ, எல்லாத்தையும் கொட்டிட்டேன். நடுவுல அழுகையும் வந்துடுச்சு, அது வேற எரிச்சல். அவர் கேட்டுக்கிட்டே நின்னார். கடைசியில வேற வண்டிக்கு அடியில போய்ப் படுத்துட்டார்.

ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டு கேட்டுல டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம். பார்த்தா ஃபுல் ஃபேமிலி. புதுசா வெள்ளைச் சட்டை. அவர் எந்த வீட்டுக்கும் போய் யாரும் பார்த்ததில்லை, வண்டி ரோட்டுல நின்னாலும் தள்ளிட்டு வான்னு சொல்ற ஆள். உள்ள வந்து உக்காந்தார், தண்ணி கேட்டார். அத்தை கொண்டுவந்து குடுத்ததும் சேகர் வண்டி ஓட்டற லட்சணத்தைப் பத்திக் கால் மணி நேரம் குறை சொன்னார். கிளட்ச்ல கால் வெச்சே ஓட்டறான், பிரேக்கைப் பாம்பை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறான்னு. பெத்த மகனைத் திட்டினா கோபம்தானே வரணும்? அத்தை முந்தானையால வாயை மூடிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப வாரமாச்சு.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார், பின்சீட்டு ஆள் சொல்லாம எனக்கு ஒண்ணும் புரியலை, ஷெட்டுக்கு வரணும்னு. அத்தை தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. "நான் ஏறுனா வண்டி நின்னு போவும்யா."

"அப்ப ஒங்களத்தாம்மா தேடிகினு கீறேன்" அப்படின்னார் அவர். "இவங்க ரெண்டு பேரும் ஒக்காந்தா அது நல்லா ஓடித் தொலைக்குது. ஓடற வண்டிய வெச்சுகினு நா இன்னா பண்றது?"

அத்தை நிமிர்ந்து பார்த்தாங்க. புடவை மாத்திட்டு வாரேன்னு உள்ள போனாங்க.

ஆனா கார்ல மட்டும் ஏற மாட்டேன்னுட்டாங்க. ரோட்டுல நின்னு போச்சுன்னா நாலு பேர் பார்ப்பாங்களாம். அதனால நடை. முன்னாடி அத்தை, பக்கத்துல டிவிஎஸ் ஃபிஃப்டியைத் தள்ளிக்கிட்டு ஃபுல் ஃபேமிலி, குடை பிடிச்சுக்கிட்டு நான், பின்னாடி நடக்கிற வேகத்துல காரை உருட்டிக்கிட்டு சேகர். ஏரிக்கரைக்கு வாக்கிங் வந்தவங்கள்லாம் ஏதோ சாமி ஊர்வலம்னு நினைச்சு ஒதுங்கி வழி விட்டாங்க. ஒருத்தர் செருப்பைக் கழட்டினதை நானே பார்த்தேன்.

ஷெட்டுல அத்தையைப் பெஞ்சுல உக்கார வெச்சு விசாரணை. அந்த சீட்டுல உக்காந்தா என்ன தெரியும்னு கேட்டார். அத்தை சொல்ல ஆரம்பிச்சாங்க.

"சாவியைப் போட்டதும் எனக்குக் கீழ ஒண்ணு பாடும்யா. ங்ஙொய்னு. வண்டி ஓடையிலயும் மெதுவாப் பாடிக்கிட்டே கெடக்கும். நான் நல்லாச் சாஞ்சு உக்காந்தா தொண்டை கட்டுன மாதிரி அது கம்மிப் போவும். அதுக்குப் பொறவுதான் ஒதறும்." இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானேங்கற மாதிரி எங்களைப் பார்த்தாங்க. எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க அந்த சீட்டுல உக்காந்ததே இல்லை. அவங்களை யாரும் கேட்டதும் இல்லை.

ஃபுல் ஃபேமிலிக்கு முகம் அப்படியே விரிஞ்சுது. அத்தையை மெதுவா ஏறி உக்காரச் சொல்லி இன்ஜினை ஓட விட்டார். அத்தை முட்டை மேல உக்கார்ற மாதிரி பார்த்துப் பார்த்து உக்காந்தாங்க. நல்லா சாயச் சொன்னார். சாஞ்சதும் இன்ஜின் உதறுச்சு, இருமுச்சு, அணைஞ்சுது. அத்தை இறங்கிப் போய் பெஞ்சுல உக்காந்து எதிர் டீக்கடைக்குப் பின்னாடி தெரியற ஏரியைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

அவர் பின்சீட்டைத் தூக்கினார். பெட்ரோல் டேங்குக்குள்ள ஒரு மோட்டார் இருக்குமாம், அதுதான் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்றது, அதுதான் பாடறது. அதுக்கு கரண்டு போற ஒயர் சேர்ற இடம் சரியா அந்த சீட்டுக்கு அடியில. சீட்டோட இரும்புக் கம்பி வளைஞ்சு இறங்கி அந்த இடத்தை அழுத்துது. அழுத்தினா கரண்டு குறையும், மோட்டார் சோர்ந்து போகும், இன்ஜினுக்குப் பெட்ரோல் பத்தாம உதறும். கம்பியும் ஒயரும் உரசித் தேய்ஞ்சு போயிருந்ததைக் காட்டினார். சேகர் குஷியாயிட்டார். அம்மா, உன் மேல தப்பு இல்லம்மா, கம்பிதான்னு கத்தினார்.

அத்தை திரும்பாமலே, "நீ உக்காந்து பாருய்யா"ன்னாங்க.

சீட்டை மறுபடி மாட்டி சேகரை அதே இடத்துல உக்கார வெச்சார். இன்ஜின் ஓடுது. சாயச் சொன்னார். ஓடுது. குதிக்கச் சொன்னார், சேகர் குதிச்சார். நல்லா அழகா, சீரா, வெண்ணெய் மாதிரி ஓடித் தொலைக்குது. முருங்கைக்காய் உக்காந்தா எந்தக் கம்பி இறங்கும்? அத்தை இப்பவும் திரும்பலை. காது மட்டும் இந்தப் பக்கம்தான் இருந்துது. கம்பியோ ஒயரோ, கடைசியில அவங்க எடைதான்னு ஆயிடுச்சு. நான் ஃபுல் ஃபேமிலியைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு அத்தையோட முதுகையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"இரு சார், டெஸ்ட்டு முடில. நீ சரியா ஒக்கார்ல" அப்படின்னு சேகரை இறக்கினார். ஏதோ பார்க்கிற மாதிரி பின்சீட்டுல குனிஞ்சார். நான் அந்தப் பக்கக் கதவு கிட்ட நின்னுட்டிருந்தேன். அழுக்குத் துணியில சுத்தின ஒரு ஸ்பேனரை சீட்டுக்கும் அந்த ஒயருக்கும் நடுவுல மெதுவா சொருகறார். நான் பார்க்கிறதைப் பார்த்துட்டார். சொல்லாதேன்னு கண்ணைக் கூட காட்டலை, வேலையைப் பார்த்துக்கிட்டே இருந்தார். இந்த மனுஷன் டெஸ்ட்டுன்னா தெய்வமா நினைக்கிறவர். எஃப்எம் சத்தம் ஒரு புள்ளி குறைஞ்சாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறவர்.

சேகர் மறுபடி ஏறி உக்காந்தார். சாயக் கூட இல்லை, இன்ஜின் உதறி உதறி பொட்டுன்னு நின்னுது.

அத்தை திரும்பினாங்க.

"பாத்தியாம்மா?" ஃபுல் ஃபேமிலி இடுப்புல கையை வெச்சுக்கிட்டார். "இந்த நோஞ்சான் ஒக்காந்தாலே நின்னுபூடுது. இதுக்குப் போயி நீ நடந்து வந்துகினு கீற."

சேகர் அசந்து போய் தன் தொப்பையைத் தடவிப் பார்த்தார். அவருக்கு அது இருந்தாத்தானே. அதுக்கப்புறம் வேலை மளமளன்னு முடிஞ்சுது. கம்பியை நிமித்தினார், ஒயரைப் புதுசு போட்டு வேற பக்கமாக் கொண்டுபோனார், ஸ்பேனர் சத்தமில்லாம டூல்ஸ் பெட்டிக்குத் திரும்பிப் போச்சு. அத்தையை ஏறச் சொன்னார். அத்தை ஏறி தொம்முன்னு உக்காந்தாங்க. இன்ஜின் அசரலை. வழக்கமாப் போற ரூட்டுல டிரையல் போகணும்னார் அவர், அத்தை குத்தம்பாக்கம்னாங்க. அன்னிக்கு சனிக்கிழமை இல்லைன்னு யாரும் சொல்லலை.

நான் ஓட்டினேன், அவர் முன்னாடி, அம்மாவும் பிள்ளையும் பின்னாடி. பூந்தமல்லி சிக்னல்ல ஏசியோட நின்னோம். வண்டி ஓடுதா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு அமைதி. அத்தை மட்டும் குனிஞ்சு, பாடுது, பாடுதுன்னு சொல்லிட்டே வந்தாங்க. கமலாம்மா வாக்கரோட வாசலுக்கு வந்து நின்னுட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு அப்படியே உள்ள போயிட்டாங்க. ஃபுல் ஃபேமிலிக்கு அங்க தடபுடலா சாப்பாடு. எல்லா வண்டியும் குடும்பமும் எவ்வளவு மோசம்னு அவர் சொல்லச் சொல்ல ரெண்டு அம்மாங்களும் கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க.

கிளம்பற நேரத்துல அத்தை கைகழுவற இடத்துல என்னைப் பிடிச்சு நிறுத்தினாங்க. மத்தவங்களுக்குக் கேக்காத மாதிரி குரலைக் குறைச்சுக்கிட்டாங்க.

"ஏளா, அந்த மனுசன் துணியைச் சுத்தி ஒண்ணைச் சொருகுனாரே, நீயும் பாத்தியா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. ஏரியைத்தானே பார்த்துட்டிருந்தீங்கன்னேன்.

"டீக்கடைக்காரன் கண்ணாடியில தெரிஞ்சுது. நான் குண்டுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? இத்தனை வருசமா இந்த ஒடம்பைத் தூக்கிக்கிட்டு நடக்கேன்." முந்தானையால கையைத் துடைச்சுக்கிட்டாங்க. "ஆனா ஒருத்தர் எனக்காண்டி இவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்லுதாரு. அதைப் போயி கெடுப்பனா? அதான் நம்பிட்டேன். நீ சேகர்ட்ட சொல்லிராத."

இன்னி வரைக்கும் சொல்லலை. சேகர் அன்னிக்கு விட்ட ஸ்வீட்டை இன்னும் தொடலை, மொட்டை மாடியில தினம் நடக்கிறார். நான் எழுதறதை அவர் படிக்கிற வழக்கம் இல்லைங்கற தைரியத்துலதான் இதை எழுதறேன். ஃபுல் ஃபேமிலி பத்திரிகை வாங்கினாலும் பஜ்ஜியை ஒத்தி எடுக்கத்தான் வாங்குவார். அத்தை சனிக்கிழமை தவறாம குத்தம்பாக்கம் போறாங்க.

மாசத்துக்கு ஒரு தடவை ஷெட்டுக்கும் போறோம், மூணு பேருமா. அவர் அவங்கவங்க இடத்துல உக்காரச் சொல்லி, கூரை மேல கையை வெச்சுக் கண்ணை மூடிட்டு நிப்பார். வண்டியில ஒரு கோளாறும் இல்லைன்னு அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.